யார் மனம் மாறும்?

கேள்வி: ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. கட்சிகளால் பேசி மாற்ற முடிகிற வாக்காளர் யார்?
- பனியன் கம்பெனி டெய்லர், அவிநாசிபாளையம்

பதில்: சனிக்கிழமை சம்பளத்தை இரண்டு தடவை எண்ணுகிறவர்! பரம்பரைக் கட்சிக்காரரிடம் பேசினால் மைக்குக்குத்தான் வலிக்கும். பிழைப்பு ஆட்டம் கண்டவரோ எல்லாருக்கும் காது கொடுப்பார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தையல், பேக்கிங் வரை வேலை தடுமாறியது. ஏப்ரலில் தேர்தல். திருப்பூர் தெற்கில் அந்த முறை மார்க்சிஸ்ட் ஜெயித்தது, 2016-இல் அ.தி.மு.க., 2021-இல் தி.மு.க.! கூட்டணிக் கணக்குக்கும் இதில் பெரிய பங்குண்டு. 2011-இல் மார்க்சிஸ்ட் நின்றதே அ.தி.மு.க. அணியில்தான்.

இன்னொருவரும் உண்டு: தென் மாவட்டத்திலிருந்து வந்து, லைன் வீட்டில் குடியிருந்து, ஓட்டையும் இங்கே மாற்றிக்கொண்டவர். சொந்த ஊர்ப் பெரியவர் சொல்லும் சின்னம் அவரை இங்கே கட்டுப்படுத்தாது. பேருந்து, குடிநீர், ஓவர்டைம் கூலி பற்றிப் பேசுபவரிடம் நின்று கேட்பார். இவரைக் கொள்கை இல்லாதவர் என்பது அநியாயம். நீங்களும் அவரைப் போல, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதே, ஆர்டர் போனால் எங்கள் கூலிக்கு என்ன வழி என்று ஓட்டுக் கேட்டு வரும் எல்லாரையும் கேளுங்கள். பதில் சொல்லாமல் கும்பிடு மட்டும் போடுகிறவரை அனுப்பிவிடுங்கள்.