கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார்?

2017-இல் நாங்கள் அரிசோனாவின் சாண்ட்லர் நகருக்குக் குடிவந்தபோது, தானோட்டி கார் நிறுவனமான வேமோவின் வெள்ளை மினிவேன்கள் எங்கள் தெருக்களில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் சாலையையே பார்த்தபடி இருப்பார். சிக்னலில் பக்கத்தில் நின்றால் அவர் முகம் தெரியும். எனக்கு அந்த முகம்தான் தைரியம்.

2018 மார்ச் 18 இரவு, பக்கத்து ஊரான டெம்பியில் அந்தத் தைரியம் உடைந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி மீது ஊபரின் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துவிட்டார். கார் இருக்கையில் இருந்த கண்காணிப்பாளரின் பார்வை சாலையில் இல்லை, கைப்பேசியில் இருந்தது. ஊரே அவரைத் திட்டியது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் சொன்ன கதை இன்னும் பெரியது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கருவிகள் அந்தப் பெண்மணியைக் கண்டுவிட்டன. கார், ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றிக் கணித்தனவே தவிர, நடந்து கடக்கும் மனுஷி என்று ஒருமுறைகூடக் கணிக்கவில்லை. வால்வோ காரோடு வந்த அவசர பிரேக் வசதியை நிறுவனம் அணைத்து வைத்திருந்தது. காருக்கு இருவர் என்றிருந்த காவலையும் ஒருவராகக் குறைத்திருந்தது. இத்தனைக்கும் சேர்த்து நீதிமன்றத்தில் நின்றவர் அந்த ஒருவரே. 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இயந்திரம் சுலபமான வேலையை எடுத்துக்கொண்டால் மனிதருக்கு மிஞ்சுவது கடினமான வேலை என்று உளவியல் ஆய்வாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இலேயே எழுதிவிட்டார். மணிக்கணக்காக ஒன்றும் நடக்காத சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஆபத்து வரும் நொடியில் மட்டும் பாய்ந்து பிடி என்றால் எந்த மனதால் முடியும்?

இன்று அதே தெருக்களில் டாக்ஸி வருகிறது, ஓட்டுநர் இருக்கை காலி. குடித்துவிட்டு ஓட்டாத, தூங்கி வழியாத வாகனம் என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் கண்காணிப்பாளர் வேலை போய்விடவில்லை. தொலைவில் திரைமுன் உட்கார்ந்து, கார் குழம்பிக் கேட்கும்போது வழி சொல்கிறார்கள். அவர்கள் முகம் நமக்குத் தெரிவதில்லை.

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா டாக்ஸியின் முன் விழுந்தார். அது அவர் மேல் மோதி நின்றது. பிறகு ஓரங்கட்டுவதற்காக நகர்ந்து, அடியில் கிடந்தவரை 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. இருக்கையில் ஆள் இருந்திருந்தால், அடியில் ஒருவர் கிடக்கையில் காரை நகர்த்தியிருப்பாரா? அந்த மாதமே கலிபோர்னியா குரூஸின் அனுமதியை நிறுத்தியது.

அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களின் பணிநேரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. டாக்ஸித் திரைமுன் இருப்பவர்களுக்கும் அது வேண்டும். ஒருவர் எத்தனை கார்களைப் பார்க்கிறார், எத்தனை நொடியில் பதில் தருகிறார், எப்போது ஓய்வெடுக்கிறார் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் பொதுவில் வைக்க வேண்டும். விபத்து நடந்தால் அந்த வேலையை அப்படி அமைத்தவர்களை முதலில் விசாரிக்க வேண்டும், அதில் உட்கார்ந்திருந்தவரைப் பிறகு.