எண்ணெய் தடவாத கை

மாடிப்படி இறங்கும்போது முழங்கால் 'களுக்'கென்றது. ஐம்பத்தாறு வயதில் அது பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் அன்றிரவே பிரண்டையைப் பற்றிக் கைபேசியில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, காலையில் பிரசங்கம் ஆரம்பித்தேன். திராட்சைக் குடும்பத்துக் கொடி. வச்சிரவல்லி என்றும் பெயர். எலும்பு முறிவு ஆறப் பிரண்டை உதவுமா என்று 1960களிலேயே பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

"எலும்பு உடையலையே, களுக்குன்னுதானே சொல்லுச்சு?" என்றாள் மனைவி.

கீரைக்காரம்மா இரண்டு கட்டு காட்டினார். ஒன்று விரல் தடிமனில் முற்றிய தண்டு. இன்னொன்று பென்சில் கனத்தில் கொழுந்து. விலை ஒன்றுதான். கனமாக இருந்ததை எடுத்தேன். "அது நாரு சார்" என்றார். தெரியும் என்பதுபோல் தலையாட்டி வைத்தேன்.

நறுக்க உட்கார்ந்ததும் அம்மா, "கையில எண்ணெயத் தடவிக்கடா" என்றாள். நானோ, அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட், ஊசி ஊசியாக இருக்கும் படிகம் என்று விளக்கிக்கொண்டே கணுவை வெட்டித் தள்ளி, நாலு ஓரத்திலும் நார் உரித்தேன். விளக்கம் முடிவதற்குள் விரலிடுக்கில் ஆரம்பித்துவிட்டது. அதே கையால் கழுத்தைச் சொறிந்தேன். பிறகு காதை. அதற்குமேல் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

துவையலுக்குப் பிரண்டையை நல்லெண்ணெயில் நிறம் மாறிச் சுருங்கும்வரை வதக்க வேண்டும்; புளியும் தாராளமாக வேண்டும். சத்து போய்விடுமே என்று நான் இரண்டே நிமிடத்தில் அடுப்பை அணைத்தேன். புளி, சுண்டைக்காய் அளவு. முதல் கவளத்தில் என் நாக்கு நமநமத்தது. இரண்டாவதில் பையன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். அம்மா தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "பெத்த வயித்துல பிரண்டையத்தான் வெச்சுக் கட்டிக்கணும்."

"எண்ணெய் தடவிட்டுக் கட்டிக்குங்க அத்தை."

அப்பளம் பொரித்து அன்றைய சாப்பாட்டை ஒப்பேற்றினோம். அப்பள மாவையே பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவதுண்டாம். அம்மா இதை முதல்நாளே சொல்லியிருக்கலாம்.

மிச்சத்தில் இரண்டு துண்டைத் தொட்டியில் நட்டு, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் அழுகிவிட்டது. வெட்டித் தள்ளிய கணுக்களைக் குப்பையோடு மதிலோரம் கொட்டியதும் நான்தான். அதை மறந்தே போனேன்.

வதக்கும் கரண்டி மனைவி கைக்குப் போனபிறகு, வாராவாரம் துவையல். முழங்கால் இன்னும் களுக்கென்கிறது, துவையல் பிரமாதம். போன செவ்வாய்க்கிழமை காலை தெருப்பக்கம் போனால், எங்கள் மதிலில் மண்டிக் கிடந்த கொடியில் கீரைக்காரம்மா நுனிநுனியாக ஒடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் செவுத்துப் பிரண்டை நல்லா இளசு சார். உங்களுக்குன்னுதான் ஒடிக்கிறேன்."

இருபது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.