ரேட் அப்பா

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் போனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார். முகம் சுருங்கினால் டாலர் ஏறியிருக்கிறது என்று பொருள். "பரவால்லீங்க, ஆறு பைசா எறங்கியிருக்குது" என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் காபி இவர் கணக்கு. அந்நியச் செலாவணிச் சந்தை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், ஆறு மணிக்குப் பார்ப்பது நேற்றைய பழங்கஞ்சி என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கை நிற்காது.

பெயர் வேண்டாம். தெருவுக்கு இரண்டு பேர் இருப்பதால் ரேட் அப்பா என்றே வைத்துக்கொள்வோம். பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இவருக்குத் தெரிந்ததெல்லாம் நூல் ரேட், கொப்பரை ரேட், முகூர்த்த மாசத்தில் தங்கம் ரேட். இன்றைக்கு அமெரிக்க மத்திய வங்கியின் ஜெரோம் பவலை, பொள்ளாச்சியில் இருக்கும் பங்காளியைப் போலப் பேசுகிறார். "இந்தப் பவலு வட்டியக் கொறைக்கறேன் கொறைக்கறேன்னு சொல்லிப்போட்டு கம்முனு உக்காந்துட்டாருங்க. நம்ம கஷ்டம் அவுருக்கெங்க தெரியப் போகுது?" கூகுள் காட்டும் ரேட் வேறு, வங்கி கொடுக்கும் ரேட் வேறு, அதன்மேல் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி, நடுவில் முகம் தெரியாத ஒரு வெளிநாட்டு வங்கி கிள்ளிக்கொள்ளும் தொகை என்று இவர் விரல்விட்டு எண்ணும்போது, வணிகவியல் படித்த நான் வாயைத் திறப்பதில்லை.

கதை ஆடிட்டர் ஆபீசில் தொடங்கியது. கட்டணம் வருடத்துக்கு 24,000 டாலர், தங்கச் சாப்பிட 16,000, ஆக முதல் வருடத்துக்கு 40,000 டாலருக்கு வழி இருக்கிறது என்று காட்டினால்தான் பல்கலைக்கழகம் ஐ-20 என்ற தாளைத் தரும். அந்தத் தாள் இல்லாமல் விசா வாசலை மிதிக்க முடியாது. முப்பது வருடமாக வருமான வரிக்காரர்கள் முன்னால் பரம ஏழையாக நின்ற மனிதர், ஒரே வாரத்தில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் பணக்காரராக வேண்டியிருந்தது. ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "போன ஜூலையிலதானுங்க, வேட்டி வாங்கக்கூட வழியில்லாத மாதிரி ஒரு கணக்குல கையெழுத்துப் போட்டீங்க?" கடைசியில் வீடு, தோப்பு, எல்ஐசி பாலிசி, சம்சாரத்தின் நகை என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டியபோது வந்த தொகையைப் பார்த்து ரேட் அப்பாவுக்கே தன்மீது ஒரு மரியாதை வந்தது. அந்தச் சான்றிதழின் நகல் ஒன்றை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார் என்று கேள்வி.

காட்டுவதற்கென்றே பணம் என்பது இந்தப் படிப்பில் தனி சப்ஜெக்ட். இங்கிலாந்து போகிறவர்கள் பணத்தை 28 நாள் கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இதற்காகவே மச்சானிடம் வாங்கிப் போட்டு, இருபத்தொன்பதாம் நாள் திருப்பிக் கொடுக்கிற குடும்பங்கள் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு நெக்லஸைப் போட்டுக்கொண்ட கதைதான். ஜெர்மனி போகிறவர்களிடம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால், அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கிடையவே கிடையாது என்று மார்தட்டுவார்கள். ஆனால் 11,904 யூரோவை ஒரு கணக்கில் போட்டுப் பூட்டச் சொல்வார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ பிள்ளைக்கு வரும். நம்ம காசை நமக்கே படி அளக்கிறார்கள். "மருமக சமத்துதானுங்க, ஆனா மாமியார் சாவியை இடுப்புல சொருகிக்குவா" என்று இதற்கு ரேட் அப்பா ஓர் உவமை வைத்திருக்கிறார். சரியாகப் பொருந்துகிறதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வங்கிக் கடனில்தான் மனிதர் உண்மையிலேயே அரைபட்டார். நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிற தெம்பில் நெஞ்சை நிமிர்த்திப் போனவரை மேலாளர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விவசாய நிலத்தை அடமானமாக எடுக்க மாட்டார்களாம். கடனைக் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தைக் கைப்பற்ற 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் வழிசெய்கிறது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. எனவே தோப்பு வேண்டாம், அஞ்சு சென்ட் வீட்டைக் கொண்டாங்க என்றார்கள். வீட்டுக்கு மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, வக்கீல் கருத்து. வக்கீல் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்: பாகப்பிரிவினையில் தம்பியின் கையெழுத்து ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருடம். காரணம் ஒரு வேப்பமரம், அது தனிக்கதை. ரேட் அப்பா ஆப்பிளும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி சம்சாரம் கதவைத் திறந்து, "வாங்க மாமா, யாருக்காச்சும் சீக்குங்களா?" என்று பதறிப்போனாள். அண்ணன் விஷயத்தைச் சொன்னார். தம்பி நெடுநேரம் காம்பவுண்டுக்கு அப்பால் வேப்பமரத்தையே பார்த்துவிட்டு, "எந்த ஊரு யுனிவர்சிட்டி, ரேங்க் எத்தனை?" என்று கேட்டான். அவன் பையன் பன்னிரண்டாம் வகுப்பு. கையெழுத்து விழுந்தது. அந்தக் குடும்பத்தை ஒன்று சேர்த்த புண்ணியம் குலதெய்வத்துக்கா, வங்கியின் லீகல் பேனலுக்கா என்று இன்றும் தகராறு.

2024 ஆகஸ்டில் பையன் விமானம் ஏறினான். அதற்கு முன்பு பல் டாக்டரிடம் போனான். அங்கே போய் ஒரு பல்லை அடைக்கிற காசில் இங்கே வீட்டுக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கண்ணாடி இரண்டு, குக்கர், பருப்புப் பொடி, தலைமுடி வெட்டும் மெஷின். அன்றைக்கு டாலர் 84 ரூபாய். அந்தக் கணக்கில்தான் வங்கி 40 லட்சம் அனுமதித்தது. செமஸ்டருக்கு 12,000 டாலர் என்று நாலு செமஸ்டருக்கு ஏறக்குறையச் சரியாக வரும். இங்கேதான் கண்ணி. அனுமதித்தது ரூபாயில், கட்டுவது டாலரில். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் ஒரு செமஸ்டருக்கு இவருக்கு 12,000 போச்சு. அதே பாடம், அதே வாத்தியார், அதே பெஞ்சு. இப்போது சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு மனிதர் போனைப் பார்க்காமல் என்ன செய்வார்?

வகுத்துப் பெருக்கியே இவருக்கு வேறு கண் வந்துவிட்டது. அங்கே முடிவெட்ட 25 டாலர் என்றதும், "வேண்டாம் சாமி, ரூம்ல இருக்கற பசங்க ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்கங்க" என்றார். வீடியோ காலில் பையனின் பிடரியைப் பார்த்தால் குதறிப்போட்ட வரப்பு. விசாப்படி பாடம் நடக்கும் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். பையனுக்கு உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிற வேலை. இங்கே சாப்பிட்ட தட்டை நகர்த்திக்கூட வைக்காதவன். அம்மா அழுதாள். "ஏனுங்க, நம்ம பையன் எச்சித்தட்டுக் கழுவறானுங்க!" ரேட் அப்பா கொஞ்சம் யோசித்து, "மணிக்கு எவ்வளவு கண்ணு?" என்று கேட்டார். 14 டாலர். மனசுக்குள் பெருக்கினார். 1,200 ரூபாய். அன்று இரவு, அந்த உணவுக்கூடத்தில் வயது வரம்பு ஏதாவது உண்டா என்று என்னிடம் விசாரித்தார். விளையாட்டாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

இவருடைய விசேஷம் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பெருமையும் புலம்பலும் இவர் வாயில் ஒரே வாக்கியமாகத்தான் வரும். "பையன் அமெரிக்காவுல படிக்கறானுங்க, செமஸ்டருக்குப் பத்து லட்சமுங்க" என்பதில் முதல் பாதி எங்கே முடிகிறது, இரண்டாம் பாதி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. பத்து லட்சத்தைக் குறைத்துச் சொன்னால் கோபம் வரும். ஐயோ பாவம் என்றாலும் கோபம் வரும்.

1914இல் கும்பகோணத்து ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுன் இங்கே குடும்பத்துக்கு. இதை ஒருநாள் நான் சொல்லித் தொலைத்தேன். "அவுரு வீட்டுக்குப் பவுனு வந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். கடன் போதாமல் போனதை ஈடுகட்ட, இவர் வீட்டிலிருந்து 22 பவுன் நகைக்கடன் கவுண்ட்டருக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

நடை முடிந்ததும் நாங்கள் உட்காரும் பெஞ்சில் இவர் இடது ஓரம், நான் நடுவில். வலது ஓரத்தில் இன்னொருவர். அவர் மகள் படிப்பை முடித்து டாலஸில் வேலையில் இருக்கிறாள், மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அவரும் முன்னாள் ரேட் அப்பாதான். இன்றைக்கும் ஆறு மணிக்குப் போனைப் பார்க்கிறார். முகம் மட்டும் நேரெதிராக மாறும். 2025 டிசம்பரில் டாலர் 90ஐத் தாண்டிய மறுநாள், வலது ஓரத்துக்காரர் எல்லோருக்கும் காபி சொன்னார். இடது ஓரம் டம்ளரைத் தொடவில்லை. 84இல் 10,08,000 ஆக இருந்த செமஸ்டர் 10,80,000 ஆகியிருந்தது.

அப்போது பையனிடமிருந்து போன். எழுந்து புங்கமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஏதோ கம்பெனியில் இரண்டாவது சுற்று நேர்முகம் முடிந்திருக்கிறதாம், நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, கடைசி செமஸ்டர் ஃபீஸு ஜனவரி பத்தாந்தேதி கட்டோணும். அதுவரைக்கும் எறங்கி நின்னாப் போதுமுங்க." வலது ஓரத்தை ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பதினொண்ணாந்தேதியிலிருந்து எவ்வளவு வேணும்னாலும் ஏறிக்கட்டும்."