காரணம் கேட்கும் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய உடல்நலக் காப்பீட்டுக் கம்பெனியில் உரிமைக்கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, திருவனந்தபுரம் கரமனையில் வசிப்பவனும், ஆண்டு தவறாமல் பிரீமியம் செலுத்தி வருபவனும், அடிக்கடி வலக்கண் சிவப்பவனுமாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் கருணையுடன் அனுப்பிய மறுப்புக் கடிதம் கிடைத்தது. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தின் பிரபாவத்தால் எழுத்துக்கள் யாவும் பனிமூட்டத்தில் மறைந்திருந்தபடியால், என் பேத்தியே அதை உரக்க வாசித்தாள். இந்நோய் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த பழைய நோயாகையால் கண்ணில் போட்ட ஊசிக்கான தொகையைத் தர இயலாது என்று முதற்பக்கத்திலும், இம்முறை வந்தது தனியொரு புதிய நோயாகக் கருதப்படுவதால் சகல பரிசோதனைச் சான்றுகளையும் ஆதியிலிருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்று இரண்டாம் பக்கத்திலும் கண்டிருந்தது. "தாத்தா, உங்களுக்கு வந்தது பழசா, புதுசா?" என்று குழந்தை கேட்டாள். உளதென்றும் சொல்லவொண்ணாத, இலதென்றும் சொல்லவொண்ணாத மாயையை விளக்கிய சங்கரர் அவதரித்த காலடி இந்தக் கேரளத்திலேதான் இருக்கிறது. எனினும் பணம் கொடுக்குமிடத்தில் பழையதாகவும் காகிதம் கேட்குமிடத்தில் புதியதாகவும் தோன்றும் ஒரு பதார்த்தத்தை அப்பெரியார் ஆராய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நோயின் பெயர் யூவியைட்டிஸ். கண்ணின் நடுப்படலம் அழன்று, வெளிச்சம் ஊசியாய்க் குத்தி, பார்வை மங்கும். டாக்டர் என் மோவாயைக் கருவியின் தாங்கியில் பதித்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றை விழிக்குள் செலுத்தி, அங்கே தூசி போல் மிதக்கும் அணுக்களை எண்ணுகிறார். ஒரு மில்லிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட வெளிச்சத்துக்குள் 50க்கு மேல் தென்பட்டால் அது நான்காம் தரம். பிறகு ஸ்டீராய்டு சொட்டு மருந்து: குப்பியின் அடியில் வெள்ளை மண்டி தங்கியிருக்கும், நன்றாகக் குலுக்கி, கீழிமையை இழுத்துப் பிடித்து, மணிக்கொரு சொட்டு விட்டு, மூக்கோரத்து மூலையைச் சற்று அழுத்திக்கொள்ள வேண்டும். சட்டென நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும்; நீண்ட காலம் தொடர்ந்தாலோ கண்ணில் அழுத்தம் ஏறும், புரை விழும். இவ்வளவு வைதிக சிரத்தையுடன் செய்யும் இந்த நித்திய கர்மம் வீட்டுத் திண்ணையில் நடைபெறுவதால், இருபத்துநான்கு மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவனுக்கே உரிய சலுகை எனக்கில்லை என்று முன்னொரு கடிதத்தில் அருளியிருந்தீர்கள். அதையும் சிரமேற்கொண்டேன்.

இப்போது தாங்கள் விடாமல் வினவுவது 'நோயின் காரணம்'. ரத்தம் எடுத்தார்கள், மார்பைப் படம் பிடித்தார்கள், காசநோய்க்கென்று முன்னங்கையில் ஊசி போட்டு அது தடிக்கிறதா என்று பார்த்தார்கள், முதுகெலும்பு வாதத்தோடு உறவு கொண்டாடும் ஹெச்எல்ஏ-பி27 என்ற பரம்பரைக் குறி உண்டா என்றும் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இந்நோயாளிகளில் அநேகருக்கு இப்படித்தான் ஆகிறது. டாக்டர் நாணயமாக 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதினார். தாங்கள் 'காரணம் பூர்த்தி செய்யப்படவில்லை' என்று அதைத் திருப்பியனுப்பினீர்கள்.

காரணம் புலப்படும் காலமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1993ஆம் ஆண்டின் இறுதியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்து வடிந்த பின்பு, கண் சிவந்த நோயாளிகள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள்; அங்கே டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் சகாக்களும் ஆராய்ந்து, எலியின் சிறுநீர் வழியே வெள்ளநீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமியே அதன் மூலம் என்று நிலைநாட்டினார்கள். மலையாளிகள் எலிப்பனி என்று அஞ்சும் காய்ச்சலைத் தரும் அதே கிருமிதான். ஆகவே என் டாக்டரும் மழைநீரில் இறங்கி நடந்ததுண்டா என்று கேட்டார்; இடவப்பாதி மழையில் தம்பானூருக்குப் போய் ரயிலோ பஸ்ஸோ ஏறிய எவனாலும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அக்கிருமிக்கான பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், சம்பந்தப்பட்ட எலியின் ஆதார் அட்டை நகலைத் தாங்கள் கோரியிருப்பீர்கள் என்ற எண்ணத்தால் ஒருவாறு ஆறுதலடைந்தேன்.

இதனிடையே, இதுவரை சாதுவாக இருந்த இடக்கண்ணின் ஓரத்தில், இருட்டறையில் தலையைத் திருப்பும்போது, ஒரு வெள்ளிக்கீற்று மின்னி மறைகிறது; சுவரைப் பார்த்தால் கறுப்பு நூலிழை ஒன்று கூடவே மிதக்கிறது. விழித்திரை கிழிந்திருக்குமோ என்ற பயத்தில் அன்றே ஓடினேன். பாவையை விரித்துப் பார்த்து, கிழிசல் இல்லை, அழற்சியும் இல்லை, மின்னல் பெருகினாலோ திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ உடனே வாருங்கள், மற்றபடி பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். 'பொறுத்துப் பார்ப்போம்' என்பதை எழுதத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லாமையால், இதைப் பழைய நோயாகவே இப்போதே பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் மறுப்பதற்குத் தங்களுக்குச் சிரமமிராது.

நிற்க. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பை 48 மாதங்களிலிருந்து 36 ஆகக் குறைத்தது. 60 மாதங்கள் இடையறாது பிரீமியம் கட்டியவனிடம், மோசடி நிரூபணமானாலன்றி, நோயை மறைத்தாய் என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்கலாகாது என்றும் விதித்தது. அடியேன் இவ்விரண்டு எல்லைகளையும் கடந்தவன். எனவே, என் நோய் பழையது என்றே வைத்துக்கொண்டாலும் தங்கள் மறுப்பு நிற்காது. விழிக்குள் மிதக்கும் அணுக்களை எண்ணிச் சொல்ல டாக்டருக்குச் சில நிமிஷங்களே ஆகின்றன. ரசீதுகளின் மேல் அச்சிட்டிருக்கும் மாதங்களை எண்ணத் தங்களுக்கு முழுதாக ஒரு மாதம் தருகிறேன்.

அதற்குள் தக்க பதில் வராவிடில், இக்கடிதத்தின் நகல் கொச்சியிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குச் செல்லும். அங்கே மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.