ஒத்துழைக்கும் பெற்றோர்

விளையாட்டுவழி மழலையர் பள்ளி என்பது, இரண்டரை வயது முதல் ஐந்தரை வயது வரையிலான குழந்தைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் நேராகப் புகட்டாமல், மணலும் தண்ணீரும் களிமண்ணும் மரக்கட்டையும் கதையும் பாட்டுமாக ஒரு சூழலை அமைத்துக் கொடுத்து, அதற்குள் அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று நம்பும் பள்ளியாகும். சென்னையில் அடையாறு, திருவான்மியூர், வேளச்சேரி போன்ற பகுதிகளிலும் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவிலும் பெருகிவரும் இத்தகைய பள்ளிகள், பெற்றோரைக் கட்டணம் செலுத்துவோராக மட்டும் கருதாமல் கல்வியின் கூட்டாளிகளாகக் கருதுவதாகத் தம் கையேட்டின் முதற்பக்கத்திலேயே அறிவிக்கின்றன. அந்த அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டவரே இங்கு ஆராயப்படும் சமூக வகையினர். எந்தக் கூட்டத்தையும் தவறவிடாதவர், எந்தச் சுற்றறிக்கைக்கும் முதலில் பதில் எழுதுபவர், பள்ளியின் விதிகள் அனைத்தையும் முழுமனத்தோடு ஆதரிப்பவர், ஆயினும் அவ்விதிகள் மற்றப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதில் சிறிதும் ஐயம் கொள்ளாதவர் ஆகிய இவரை, வேறு பொருத்தமான பெயர் கிடைக்கும்வரை, ஒத்துழைக்கும் பெற்றோர் என்று அழைக்கலாம். இவர் தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். இருவரும் இவ்வகையைச் சேர்ந்தவர்களாக அமைந்துவிட்டால் தலைமை ஆசிரியைக்கு அது ஒரு நீண்ட ஆண்டு.

இவர் விவரம் அறியாமல் வந்து சேர்ந்தவர் அல்லர். பிரடெரிக் புரோபல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்ட வரலாறும், இவை நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் வளர்க்கும் என்று அஞ்சிய பிரஷ்ய அரசு 1851இல் அத்தகைய பள்ளிகளைத் தடைசெய்து 1860 வரை அத்தடையை நீக்காதிருந்த கதையும் இவருக்குத் தெரியும். மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்ததும், போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததும் தம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நடந்தவை என்பதால், அவற்றைக் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியாகவே இவர் சொல்லிக்கொள்வதுண்டு. தமிழ்ப் பற்று மிகுந்தவராயின், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் விளையாட்டாகவே அமைந்திருக்க, எழுத்துப் பயிற்சிக்கென்று நம் புலவர்கள் ஒரு பருவத்தையும் ஒதுக்கவில்லை என்ற அரிய கருத்தையும் உறவினர் திருமணப் பந்தியில் எடுத்துரைப்பார். அதே வாரத்தில், வாயிற்படியில் ஆசிரியையைத் தனியே நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சரி மிஸ், ஸ்லீப்பிங் லைன் எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பவரும் இவரே. ஸ்லீப்பிங் லைன் என்பது தமிழகத்து நர்சரிப் பள்ளிகளில் எழுத்துக்கு முன்னோடியாகக் குழந்தைகளைப் பக்கம் பக்கமாக வரையவைக்கும் படுக்கைக் கோடு. நிற்கும் கோட்டுக்கு ஸ்டாண்டிங் லைன் என்று பெயர். பக்கத்து வீட்டுக் குழந்தை இவ்விரண்டையும் முடித்து வளைகோட்டுக்குப் போய்விட்டது என்ற செய்தி, புரோபலையும் பிள்ளைத்தமிழையும் ஒரே மாலைப்பொழுதில் வீழ்த்தக்கூடியது. பிரஷ்ய அரசின் தடையைக்கூட இவர் எதிர்த்திருப்பாரா என்பது ஐயத்துக்குரியது. கோடு போடச் சொல்லித்தராத பள்ளி என்ற காரணத்துக்காகவேனும் அத்தடையில் கையொப்பமிட்டிருக்கக்கூடும்.

இவ்வகையினரை அறிந்துகொள்வதற்கான முதன்மைச் சான்று பள்ளியின் விதிமுறைக் கையேடாகும். தானத்துக்கு இடையூறு செய்வோரைச் சபிக்கும் கல்வெட்டு, முன்பு யாரோ அப்படிச் செய்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே உணர்த்துவது போல, கையேட்டின் ஒவ்வொரு விதியும் அதை எழுத வைத்த ஒரு பெற்றோரை மறைமுகமாகப் பதிவு செய்கிறது. 'காய்ச்சல் மருந்தின் உதவியின்றி முழுமையாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே குழந்தையை அனுப்ப வேண்டும்' என்ற விதியை எடுத்துக்கொள்ளலாம். வெறுமனே காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள் என்று எழுதியிருந்தால் போதுமே என்று பாமரர் நினைக்கலாம். ஆனால் காலை எட்டரை மணிக்குப் பாரசிட்டமால் சிரப் கொடுத்து, ஒன்பது மணிக்குக் குளிர்ந்த நெற்றியோடு குழந்தையை ஒப்படைத்து, அலுவலகத்தில் முக்கியமான கூட்டத்தை முடித்துக்கொள்ளும் கலையை யாரோ ஒருவர் கண்டுபிடித்த பின்னரே இந்தச் சொற்றொடர் பிறந்திருக்க முடியும். அம்மருந்தின் ஆற்றல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை என்பதால், பகல் ஒரு மணிக்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். "காலையில நல்லாத்தானே இருந்தான்" என்று ஒத்துழைக்கும் பெற்றோர் வியப்பார். அந்த வியப்பு நடிப்பு அன்று. அதற்குள் அவர் தாமே அதை நம்பியிருப்பார்.

பிறந்தநாள் விதியும் இவ்வாறே அடுக்கடுக்காக வளர்ந்ததாகும். கேக் வேண்டாம் என்று பள்ளி எழுதியது, கப்கேக் வந்தது. இனிப்பு எதுவும் வேண்டாம் என்று திருத்தியது. 'ரிட்டர்ன் கிஃப்ட்' எனப்படும், வந்தவர்களுக்கெல்லாம் திருப்பித் தரும் பரிசுப் பை வந்தது. பரிசும் வேண்டாம், விரும்பினால் வகுப்புக்கு ஒரு கதைப்புத்தகம் தரலாம் என்று மேலும் திருத்திய பின்னர், குழந்தையின் வண்ணப்படம் அட்டையில் அச்சிட்ட கதைப்புத்தகம் இருபத்தைந்து பிரதிகளாக வந்து இறங்கியது. விதியை மீறியதாக இங்கே யாரையும் குற்றம் சொல்ல இயலாது என்பதே இவ்வகையினரின் தனிச்சிறப்பு.

காலையில் குழந்தை பெற்றோரைப் பிரிவது பற்றிய விதி சற்று விரிவாக நோக்கத்தக்கது. குழந்தை புதிதாகச் சேரும்போது முதல்நாள் அரைமணி, மறுநாள் ஒரு மணி என்று சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, பெற்றோர் அருகில் இல்லாமல் இருக்கப் பழக்கும் காலத்தைப் பள்ளிகள் 'செட்டிலிங்' என்கின்றன. அக்காலம் முடிந்த பின்னர் வாயிலில் சுருக்கமாக விடைபெற்று, திரும்பிப் பாராமல் சென்றுவிட வேண்டும் என்பது விதி. தயங்கி நிற்கும் பெற்றோரைக் கண்டால் குழந்தை தான் அஞ்சுவதற்கு ஏதோ காரணம் இருப்பதாகவே முடிவு செய்துகொள்ளும் என்பது அதன் நியாயம். ஒத்துழைக்கும் பெற்றோர் இந்நியாயத்தை முழுமையாக ஒப்புக்கொண்டு, ஒருமுறை கட்டியணைத்து, உறுதியாக நடந்து சென்று, தெருமுனையில் நின்றுவிடுகிறார். அங்கிருந்து அழுகை கேட்கிறதா என்று காது கொடுக்கிறார். கேட்டால் துடிக்கிறார், கேட்காவிட்டால் அதைவிட அதிகமாகத் துடிக்கிறார். குழந்தை மூன்றாம் நிமிடத்தில் மணற்பெட்டிக்குள் இறங்கிவிட்டது என்று ஆசிரியை செய்தி அனுப்பினால், அதற்குச் சான்றாகப் படம் கேட்கிறார். படம் வந்தால், அதில் குழந்தையின் முகம் வாட்டமாகத் தெரிகிறதே என்று கேட்கிறார். வகுப்பறைக் கண்காணிப்புக் கேமராவைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்க வசதி செய்யுமாறு ஆண்டுதோறும் மனு கொடுப்பவர்களும், பிற குழந்தைகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டிப் பள்ளி மறுக்கும்போது அந்தக் கொள்கையைப் பாராட்டிக் கைதட்டுபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம்.

குழந்தைகளின் விளையாட்டு எவ்வாறு படிப்படியாக வளர்கிறது என்பதை 1932இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் வகைப்படுத்தினார். அவற்றுள் 'இணைநிலை விளையாட்டு' என்பது, இரு குழந்தைகள் அருகருகே அமர்ந்து ஒரே வகையான பொருளை வைத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் கலந்துகொள்ளாமல் தத்தம் போக்கில் விளையாடும் நிலையாகும். சின்னஞ்சிறு வயதில் இது முற்றிலும் இயல்பானது. பள்ளி இதனைப் பெற்றோர் அறிமுகக் கூட்டத்தில் படத்தோடு விளக்குகிறது, ஒத்துழைக்கும் பெற்றோர் குறிப்பெடுத்துக்கொள்கிறார். மூன்று வாரம் கழித்து, தம் மகள் குழுவோடு சேர்வதில்லை என்றும், தலைமைப் பண்பை வளர்க்க ஏதேனும் திட்டம் உண்டா என்றும் மின்னஞ்சல் எழுதுகிறார். தலைமை தாங்கப்பட வேண்டிய மற்றொரு குழந்தைக்கும் அப்போது வயது இரண்டே முக்கால்.

கடித்தல் பற்றிய விதியே எல்லாவற்றிலும் நுட்பமானது. பேச்சு முழுமையாக வராத வயதில் சில குழந்தைகள் கோபத்தையும் அன்பையும் பல்லால் தெரிவிப்பதுண்டு. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு நிகழ்ச்சியை எழுத்தில் தெரிவிப்பதும், கடித்த குழந்தையின் பெயரை வெளியிடாதிருப்பதும் பள்ளிகள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் முறை. தம் மகன் கடிபட்டு வந்த நாளில் ஒத்துழைக்கும் பெற்றோர் இவ்விதியின் பொருத்தத்தைப் பற்றி வாட்ஸ்ஆப் குழுவில் நீண்ட விவாதம் ஒன்றைத் தொடங்குகிறார், பல்வரிசையின் அகலத்தைக் கொண்டு வயதைக் கணிக்கிறார், அன்று விடுப்பிலிருந்த குழந்தைகளை நீக்கிப் பட்டியலைச் சுருக்குகிறார், இரவு பத்து மணிக்குள் ஐயத்துக்குரியவர்களை மூவராகக் குறைத்துவிடுகிறார். அடுத்த மாதம் தம் மகனே கடித்துவிட்டதாகத் தனிச் செய்தி வரும்போது, பெயர் வெளியிடாமை என்பது நாகரிகச் சமூகத்தின் அடிப்படை என்ற முடிவுக்கு வந்து, அவ்விதியைப் பள்ளி இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று எழுதுகிறார்.

பெற்றோர் பங்கேற்பைப் பற்றி ஆராய்ந்த ஜாய்ஸ் எப்ஸ்டைன் அதனை ஆறு வகையாகப் பகுத்தார்: வளர்ப்பு, தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுத்தல், சமுதாயத்தோடு ஒத்துழைத்தல். ஆறும் சமமாக வளர வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது. ஐந்தாவதில் மட்டும் இவருக்கு இயல்பான ஆற்றல் அமைந்துவிடுகிறது. தன்னார்வப் பணியிலும் இவர் குறை வைப்பதில்லை, ஆனால் அது எதிர்பார்த்த இடத்தில் போய் விழுவதில்லை. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971இல் எழுதிய கட்டுரையொன்றின் வழியே பரவிய 'உதிரிப் பொருள்' கருத்து, எதற்கு என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்படாத பொருள்கள் கையில் கிடைக்கும்போதுதான் கற்பனை வேலை செய்கிறது என்கிறது. அதன்படி வீட்டில் வீணாகக் கிடக்கும் டப்பா, மூடி, கொட்டாங்குச்சி, துணித்துண்டு ஆகியவற்றை அனுப்புமாறு பள்ளி கேட்கிறது. ஒத்துழைக்கும் பெற்றோரின் வீட்டில் வீண்பொருள் எதுவும் இருப்பதில்லை, ஏனெனில் வீட்டு வேலைக்கு வருபவர் அன்றன்றே எடுத்துப் போட்டுவிடுகிறார். எனவே 'உதிரிப் பொருள் தொகுப்பு' ஒன்று இணையக் கடையில் விலை கொடுத்து வாங்கப்படுகிறது. மெருகேற்றிய மரவளையங்கள் அடங்கிய அப்பெட்டி, கீறல் பட்டுவிடக் கூடாது என்ற குறிப்போடு பள்ளிக்கு வந்து சேர்கிறது. குழந்தைகள் வளையங்களை ஓரமாக வைத்துவிட்டு, அவை வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் வீட்டிலிருந்து அமைதியாகக் கவனித்துவரும் பாட்டி, கட்டணத் தொகையைக் கேட்டறிந்த நாளில் மட்டும் வாய் திறக்கிறார். "மண்ணுல விளையாடுறதுக்கா இவ்வளவு? நம்ம ஊர்ல தெருவெல்லாம் மண்ணுதானே கிடக்கு" என்கிறார். "அது வேற மண்ணும்மா" என்கிறார் ஒத்துழைக்கும் பெற்றோர். பாட்டி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் உண்டு: தெருக்கோடி அங்கன்வாடி போதாதா என்பது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ், அதே தெருவின் கோடியில் அங்கன்வாடி ஒன்று இயங்குகிறது. ஊட்டச்சத்தும் தடுப்பூசியும் மட்டுமன்றி, ஆடல் பாடல் விளையாட்டு வழியான முன்பருவக் கல்வியும் அத்திட்டத்தின் ஆறு சேவைகளுள் ஒன்று. கட்டணமின்றி, மதிய உணவோடும் முட்டையோடும் நடக்கும் அக்கல்வியை முற்போக்குக் கல்வி என்று யாரும் அழைப்பதில்லை. அதற்குக் கையேடும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் பெயர் தெரிந்த ஒத்துழைக்கும் பெற்றோர், போலியோ சொட்டு மருந்து நாளைத் தவிர்த்துப் பார்த்தால், அரிதினும் அரிது.

பருவ முடிவில் நடக்கும் சந்திப்பில் ஆசிரியை மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக ஒரு கோப்பைத் தருகிறார். குழந்தை வரைந்தவை, கட்டியவற்றின் படங்கள், அது சொன்ன சொற்கள் ஆகியவை தேதியிட்டு அதில் அடங்கியிருக்கும். தன் முறை வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், விழுந்த தோழியைத் தூக்கிவிட்டாள், எறும்பு வரிசையை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள் என்றெல்லாம் ஆசிரியை சொல்லச் சொல்ல, ஒத்துழைக்கும் பெற்றோர் கண் கலங்கக் கேட்கிறார். பின்னர், "வகுப்புல மத்தவங்களோட பார்த்தா இதுல எங்க இருக்கா?" என்று கேட்கிறார். எறும்பைப் பார்ப்பதில் முதலிடம் யாருக்கு என்று சொல்ல ஆசிரியைக்கு வழி தெரிவதில்லை.

மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னர், புகழ்பெற்ற பெரிய பள்ளி ஒன்றின் ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் வருகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கான 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 13ஆம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடைசெய்கிறது. ஆகவே அங்கே நடப்பது நேர்காணல் அன்று, 'இன்டராக்‌ஷன்' மட்டுமே. பிரிவு எண்ணையே மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒத்துழைக்கும் பெற்றோர், தேய்த்த சட்டை அணிந்து, குறிப்பிட்ட நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே சென்று, மகளுக்குக் கிழமைகளையும் மாதங்களையும் மெல்லிய குரலில் ஒருமுறை ஒப்புவிக்கச் செய்கிறார். இடம் கிடைத்துவிடுகிறது. அப்பள்ளியின் கையேட்டில் கூட்டாளி என்ற சொல் எங்கும் இல்லை. பெற்றோர் வாயிலுக்கு உள்ளே வரலாகாது, ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்கலாகாது, கட்டணத்தைப் பற்றிக் கடிதம் எழுதலாகாது என்பவையே இருக்கின்றன. அவர் அதை ஒருவரிகூடப் படிக்காமல், குறிப்பிட்ட இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். ஜூன் மாத வெயிலில் வாயிலுக்கு வெளியே மற்றப் பெற்றோரோடு நடைபாதையில் நிற்கும்போது, மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை மகளிடம் எப்படியாவது சேர்க்க முடியுமா என்று காவலாளியிடம் கேட்கிறார். காவலாளி, விதியில் இடமில்லை என்கிறார். "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு வண்டியை நோக்கி நடக்கிறார்.