வளையாத வாள்

வாள் வாங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு மாரத்தான் ஓடும் வெறி வரும். எனக்கு இரண்டும் வரவில்லை என்று வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான் குடியிருக்கும் ஊர். இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ். 1996-ல் இங்கே ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அனுமதி இலவசம். வெளிநாடு வந்த நம்மவர் எந்தக் கலைக்கு ரசிகர் ஆவார் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்கள்தான் தீர்மானிக்கின்றன. சனிக்கிழமை மழை பெய்தால் (பெய்யும்) மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன். பத்து வயதானதும் அவளுக்குச் சலித்துவிட்டது. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு யானைக் கவசம் இருக்கிறது. இந்தியாவில் செய்தது. உடைந்தது, தொலைந்தது போக மிச்சமே 118 கிலோ. ராபர்ட் கிளைவின் மருமகள், அதாவது மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி, 1801-ல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அந்த அம்மாளைப் பற்றி அப்போது எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பின்னால், ஒன்றேகால் கிலோ இரும்பை இறக்குமதி செய்ய நான் பட்டபாட்டுக்குப் பிறகுதான் அவர்மேல் மரியாதை வந்தது.

மரியாதைக்கு முன்னால் ஆசை. இடைக்கால ஐரோப்பிய வாள் என்றால் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், இரண்டு பேர் தூக்க வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில் ஒற்றைக் கையால் பிடிக்கும் வாள் ஒன்று, ஒன்றேகால் கிலோதான். நம் வீட்டு இட்லிப் பானை அதைவிடக் கனம். இந்த வாள்களை வகைப்படுத்தியவர் யூவர்ட் ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேயர். பத்தாம் வகையில் ஆரம்பித்து இருபத்திரண்டாம் வகையில் முடிப்பார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வைக்கிங் காலத்து வாள்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால், இவர் பத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குப் பிடித்துப்போனது பன்னிரண்டாம் வகை. அகலமான நேர் அலகு, நடுவில் நீளப் பள்ளம், கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு சட்டம், முனையில் வட்டக் குமிழ். சிலுவைப்போர் காலத்துச் சாமான். எனக்கும் சிலுவைப்போருக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டாள். எனக்கும் டென்னிசுக்கும் சம்பந்தமில்லைதான், ராக்கெட் வாங்கவில்லையா என்றேன். அந்த ராக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பேச்சு அங்கே நின்றது.

முதல் வாளைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நாற்பது பவுண்டுக்கு ஒன்று வந்தது. பளபளவென்று எவர்சில்வர். தோட்டத்தில் நின்று ஒரு வீச்சு வீசினேன். கைப்பிடி என் கையில் இருந்தது. அலகு பக்கத்து வீட்டு ருபார்ப் பாத்தியில் நட்டுக்கொண்டு நின்றது. சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யும் வாள்களில், கைப்பிடிக்குள் போகும் வால் ஒரு எலிவால் அளவுதான் இருக்கும், அதையும் பற்றவைத்து ஒட்டியிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எண்பது வயதைத் தாண்டிய அந்த வீட்டம்மாள் அலகைப் பிடுங்கி, கழுவி, துடைத்து, வேலிக்கு மேலே நீட்டி, "இது உங்களுதா, லவ்?" என்றார். யார்க்‌ஷரில் பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லாரும் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இதை என் மனைவிக்கு விளங்கவைக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

அடுத்ததை யோசித்து வாங்கினேன். அமெரிக்காவில் ஒரு கடை. 'போருக்குத் தயார்' என்று போட்டிருந்தான். யாரோடு என்று போடவில்லை. அலகு 5160 ரக எஃகு. இந்த எண்ணை நான் ஏதோ மந்திரம் மாதிரி இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறு மாத விசாவில் மானாமதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, அது என்ன நம்பர், லாட்டரியா என்று கேட்டாள். உயர்ந்த எஃகும்மா, வளைத்தால் வளைந்து மறுபடி நிமிரும், வண்டிகளுக்கு அடியில் வில்லுப் பட்டை போடுகிறார்களே, அதற்குப் பயன்படுத்துவது என்று விளக்கினேன்.

"லாரிப் பட்டையா?" என்றாள் அம்மா. "அதுலதானேடா திருப்பாச்சேத்தியில அருவா அடிக்கிறாய்ங்க."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் திருப்பாச்சேத்தி. அருவாளுக்குப் பேர்போன ஊர். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆளுயர அருவாள்கூட அங்கே அடித்து வாங்குவார்கள். பழைய லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுத்தால் தலைமுறைக்கும் உழைக்கும். நான் பள்ளிக்கூடம் போன பஸ் தினமும் அந்தப் பட்டறைகளைத் தாண்டித்தான் போகும். ஒருநாள்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததில்லை. அனுமதி அங்கேயும் இலவசம்தான்.

"ஆசாரிகிட்டச் சொன்னா ரெண்டே நாள்ல அடிச்சுக் குடுத்துருவாய்ங்க. நான் வரும்போது பெட்டியில வச்சுக் கொண்டாந்துருப்பேன்ல?"

ஊறுகாய் பாட்டிலுக்கே விமான நிலையத்தில் அரைமணி நேரம் விளக்கம் சொன்ன அம்மா இப்படிச் சொன்னபோது எனக்கு வியர்த்தது. இந்த நாட்டுச் சட்டத்தை அவளுக்குச் சொன்னேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 ஏப்ரலிலிருந்து, 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாளை விற்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது. மலிவான சாமுராய் வாள்களை வைத்து வெட்டுக்குத்து நடந்ததால் வந்த தடை. நேர் வாளுக்கு அந்தத் தடை இல்லை. வளைவை ஒட்டி அளக்கக் கூடாது, பிடியின் மேல் விளிம்பிலிருந்து நுனிவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

"அப்ப நேரா இருந்தா வெட்டலாமா?"

சட்டத்தை எழுதியவர்களிடம் இதைக் கேட்க எங்கள் அம்மா அப்போது லண்டனில் இல்லை. இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. 1954-க்கு முன் செய்த வளைந்த வாளுக்கும், பழைய முறைப்படி கையால் அடித்துச் செய்ததற்கும் விலக்கு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் திருப்பாச்சேத்தி ஆசாரி அடித்தது உள்ளே வரலாம். ஆனால் அது வாளா விவசாயக் கருவியா, அடித்தவர் சம்மட்டியால் அடித்தாரா என்பதையெல்லாம் விமான நிலையத்தில் ஒரு அதிகாரிக்கு விளக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். அமெரிக்கக் கடைக்கே பணம் கட்டினேன்.

பதினோரு நாள் கழித்துக் கொரியர் கம்பெனியிலிருந்து கடிதம். பொருள் நேரானதா, வளைந்ததா? நேரானது என்று எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். கடைக்காரன் போட்டிருந்த படத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஸ்கேல் மகளுடையது, அதில் யூனிகார்ன் போட்டிருக்கும். இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் என் பெயருக்கு நேரே, சிலுவைப்போர் வாளும் இளஞ்சிவப்பு யூனிகார்னும் அருகருகே இருக்கின்றன.

அடுத்து வரி. வாள் விலையும் அனுப்பும் கூலியுமாக 310 பவுண்டு. கூலியையும் சேர்த்துத்தான் வாட் வரி போடுவார்கள். 20 சதவீதம், 62 பவுண்டு. வாளும் போரும் சேர்ந்தால் வாட்போர் என்று எட்டாம் வகுப்பில் தமிழய்யா சொல்லிக்கொடுத்தார். வாளும் வரியும் சேர்ந்தால் வாட் வரி ஆகாது, வகரத்துக்கு முன்னால் ளகரம் திரியாது என்றும் அவர்தான் சொன்னார். சுங்கத்துறைக்குப் புணர்ச்சி விதி தெரியாது. அதற்கு மேல் கொரியர்காரர்களின் 'கையாளும் கட்டணம்' 12 பவுண்டு. வாளைக் கையாள்வதற்கா, என்னைக் கையாள்வதற்கா என்று பிரித்துச் சொல்லவில்லை.

நூறு வயது தாண்டிய பழம்பொருள் என்றால் இறக்குமதியில் வாட் 5 சதவீதம்தான் வரும். என் வாள் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரி, ஆனால் பிறந்து மூன்று மாதம். நூறு வருஷம் பொறுத்திருந்தால் 46.50 பவுண்டு மிச்சம் என்று மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள்.

பணம் கட்டியாகிவிட்டது. வாள் வரும் நாளில் நான் அலுவலகத்தில், மனைவி மருத்துவமனை டியூட்டியில், மகள் பள்ளியில். வீட்டில் அம்மா மட்டும். வாள், கத்தி வகையறாவை வாசலில் கொடுக்கும்போது வாங்குகிறவருக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். கொரியர் பையன் படம் போட்ட அடையாள அட்டை கேட்டிருக்கிறான். பாஸ்போர்ட்டை நான் பத்திரமாகப் பூட்டி வைத்து, சாவியை இன்னும் பத்திரமாக என் பையில் வைத்திருந்தேன். அம்மா எனக்குப் போன் போட்டாள்.

"எனக்குப் பதினெட்டு ஆயிருச்சான்னு கேக்குறான்ப்பா."

"ஆயிருச்சுன்னு சொல்லும்மா."

"நரைச்ச முடியைக் காட்டிட்டேன். பல் செட்டையும் கழட்டிக் காட்டவான்னு கேளு."

பையன் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டான். எழுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தி பதினெட்டு வயதை நிரூபிக்க முடியாததால் பொருளைத் திருப்பி எடுத்துச் செல்வதாகச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போனான். அம்மா அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போய்க் காட்டுவதற்காம்.

நான் கொரியர் கிடங்குக்குப் போனேன். எனக்கு நாற்பத்தாறு, தலையில் மேலே ஒன்றும் இல்லை. என்னிடமும் அட்டை கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு பஸ். கார் அன்றைக்குப் பட்டறையில். பெட்டி ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அதன் மேல் சுங்கத்துக்காக ஒட்டிய தாளில், உள்ளே இருப்பது என்ன என்று கொட்டை எழுத்தில்: வாள், 1, அலங்காரத்துக்கு. பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் அலகுள்ள பொருளை வைத்திருந்தால் குற்றம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் விலக்கு. கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது தகுந்த காரணம் என்று எனக்குத் தெரியும். எதிர் சீட்டில் இருந்தவருக்குத் தெரியுமா? மாநிறத்தில் ஒரு வழுக்கைத் தலையர், மழையில் நனைந்து, வாள் என்று எழுதிய பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன். பெட்டி நீளம், என் கை குட்டை. "வா"வை மறைத்தால் "ள்" தெரிகிற கதை. பக்கத்தில் இருந்த பாட்டி கேட்டுவிட்டார். "திரைச்சீலைக் கம்பி" என்றேன். பாட்டி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க வீட்டு ஜன்னல் ரொம்பப் பெருசோ, லவ்?" என்றார். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தோம். தோல் உறை, எண்ணெய் வாசனை. உருவினேன். அழகாக இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. கையில் எடுத்ததும் கனம் பிடிக்குள்ளேயே ஒடுங்கி, நுனி தானாக மிதந்தது. வீட்டில் இருக்கும் எந்தப் பொருளும் என் கையில் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை. மகள்கூடப் போனைக் கீழே வைத்தாள்.

பிறகு அவளே பெட்டியின் அடியில் கிடந்த அட்டையை எடுத்துப் படித்தாள். செய்த இடம்: டேராடூன், இந்தியா.

நான் நம்பவில்லை. அதற்கப்புறம் தேடிப் படித்ததில், நம்பாததுதான் தப்பு என்று தெரிந்தது. டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ், கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி செய்ததில் பேர் வாங்கி, இன்றைக்கு உலகம் முழுக்க வாள் அனுப்புகிறது. மீரட்டிலும் இந்தத் தொழில் நடக்கிறது. ஐரோப்பியர் தங்கள் தாத்தாக்களின் போரை வயல்வெளியில் நடித்துக் காட்டும்போது இடுப்பில் தொங்குவதில் நிறைய, இமயமலை அடிவாரத்திலிருந்து போனவை. என் வாள் டேராடூனிலிருந்து அமெரிக்கா போய், அங்கே டாலராகி, அட்லாண்டிக்கைத் தாண்டி, பவுண்டாகி, வாட் கட்டி, பஸ்ஸில் வந்திருக்கிறது. நான் இவ்வளவு தூரம் ஊரைச் சுற்றியதில்லை.

அம்மா அதை ஒரே கையால் வாங்கினாள். கட்டைவிரலை அலகின் மேல் வைத்துத் தேய்த்தாள். வாழைக்காய் வாங்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"இதென்னப்பா, முனையே இல்ல?"

"மழுங்கலாத்தான் வரும்மா. கூர் வேணும்னா அவங்க இருபத்தஞ்சு டாலர் தனியா வாங்குவாங்க."

"சாணை புடிக்கிறதுக்கா? நம்ம தெருவுக்கு வர்ற ஆளு சைக்கிளை நிப்பாட்டி இருபது ரூவாய்க்குப் புடிப்பான்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழுங்கினதை விக்கிறவன் புத்திசாலிதான்" என்றாள்.

ஆயுத பூஜைக்கு லேப்டாப், மிக்சி, வாக்குவம் கிளீனர் எல்லாவற்றோடும் வாளையும் வைத்துப் பொட்டிட்டோம். நிஜமான ஆயுதம் ஒன்று வைத்து நாங்கள் ஆயுத பூஜை செய்தது அதுதான் முதல் தடவை. துருப்பிடித்துவிடுமே என்று நான் கவலைப்பட்டேன். கார்பன் எஃகு, லீட்ஸ் ஈரம், இரண்டுக்கும் ஆகாது. மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது, பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவாக்கியது, ஒரு சின்ன டப்பா வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சும் டென்னிஸ் ராக்கெட் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

ராத்திரி நாங்கள் தூங்கின பிறகு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு, குமிழிலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவியிருக்கிறாள். அருவாமனைக்கு அவள் நாற்பது வருஷமாகச் செய்கிற பக்குவம். அக்டோபர் மாதம். தேங்காயெண்ணெய் இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பதை மானாமதுரையில் அந்த மாதத்தில் யாரும் கண்டதில்லை.

காலையில் எழுந்து வந்து பார்த்தால், பன்னிரண்டாம் வகை வாள் பால்கோவா தடவினதுபோல வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சோபாவில் அதை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, பேத்தியின் ஹேர் டிரையரைச் சொருகி, அம்மா அலகுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.