கூரை இறங்கிய காருக்குக் குடும்ப வைத்தியம்

இந்தக் கையேடு, பதினைந்து வயது தாண்டிய காரை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர்களுக்கானது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பித்து, வண்டிக்கு இன்னும் 5 ஆண்டு ஆயுள் வாங்கி வந்திருப்பீர்கள். அந்த ஆயுள் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும்தான் செல்லும், ரூஃப் லைனிங்குக்குச் செல்லாது என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் அறிகுறி பெரும்பாலும் பின்கண்ணாடி ஓரத்தில் தெரியும். துணி ஒரு விரற்கடை பிரிந்து நிற்கும். அடுத்து கேபின் லைட்டைச் சுற்றி உப்பும். இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, விரலால் ஒருமுறை மேலே அழுத்துவது. துணி ஒட்டிக்கொண்டதுபோல் பாவனை செய்யும். நீங்களும் நம்பியதுபோல் பாவனை செய்யுங்கள். சித்திரை பிறக்கும்வரை இந்த உடன்படிக்கையை இரு தரப்பும் மதிக்கும்.

சித்திரையில் நடுக்கூரை இறங்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் 60-ல் போனால், கல்யாண வீட்டுச் சாமியானாபோல் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெரியாது, சாம்பல் நிறத் துணிதான் தெரியும். ஹாரன் அடிப்பவர்களைப் பொருட்படுத்தாத ஒரு பெருந்தன்மை உங்களுக்குக் கைகூடும். பின்சீட்டில் ஏறும் உயரமான உறவினர்கள் தேங்காய் எண்ணெயால் அவரவர் இடத்தைக் கூரையில் பதிவு செய்துவிட்டு இறங்குவார்கள்.

இனி வைத்தியம். வீட்டில் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள், எதையும் மறுத்துப் பேசாதீர்கள்.

மூத்ததும் எளியதும் குண்டூசி வைத்தியம். துணியை மேலே தள்ளி, அதன் பின்னால் உள்ள அட்டைப் பலகையில் ஊசியைச் சாய்த்துக் குத்த வேண்டும். நேராகக் குத்தினால் அட்டையைத் தாண்டி இரும்புக் கூரையில் முட்டி வளையும். வரிசை பிசகாமல் சாய்சதுரக் கட்டங்களாகக் குத்திவிட்டால், கேட்பவர்களிடம் டைமண்ட் டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரிய கார்களில் இதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். குறை என்று பார்த்தால் ஒன்றுதான்: ஒவ்வொரு வேகத்தடையிலும் ஓர் ஊசி பணியிலிருந்து விடுபடும். முன்சீட்டில் யாரை உட்கார வைப்பது என்று யோசித்து முடிவு செய்யுங்கள். திருகு வடிவ ஊசி கிடைத்தால் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

மாமனார் வழி வைத்தியம் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். ஒட்டிய அன்று மாலை வரை சிறப்பாக இருக்கும். மறுநாள் பார்த்தால் டேப் துணியோடுதான் இருக்கும், இரண்டும் சேர்ந்து தொங்கும்.

மூன்றாவது, கல்லூரி படிக்கும் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு. சிரிஞ்சில் பெவிகாலை ஏற்றித் துணியின் ஊடாகக் குத்தி உள்ளே செலுத்துவது. நோயாளிக்கு ஊசி போட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையில் பிறந்தது இது. வெள்ளைப் பெவிகால் தண்ணீர் கலந்த மரப்பசை. நிழலில் நிற்கும் நாற்காலிக்கு உகந்தது, வெயிலில் நிற்கும் காரின் கூரைக்கு ஆகாது. பசை உலர்ந்த பிறகு ஊசி போட்ட இடமெல்லாம் வட்டக் கறையாக எழும்பும். அம்மை வார்த்த வண்டி என்று தெருவில் பேர் வாங்கலாம்.

சிலர் விரக்தியில் துணியை ஒரே இழுப்பில் உரித்து எறிந்துவிட்டு வெறும் அட்டையோடு ஓட்டுவார்கள். துறவு மனப்பான்மையாகத் தோன்றும். ஆனால் அட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள் தூள், பட்டுப் புடவை, வெள்ளை வேட்டி என்று பார்க்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு முகூர்த்தத்துக்குப் போய் இறங்கினால், வாசலிலேயே உங்கள் குடும்பத்தைத் தனியாக அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அந்தத் தூளில்தான் விஷயம் இருக்கிறது. கூரையில் நீங்கள் பார்ப்பது வெறும் துணியல்ல. மேலே மெல்லிய பின்னல் துணி, அதன் முதுகில் சுமார் 3 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வார்ப்பு அட்டையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஸ்பாஞ்சு பாலியூரித்தேன். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுப் பிணைப்புகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக அறும். மே மாதம் மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும், கூரைத் தகரத்துக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் ஸ்பாஞ்சின் கதி எப்படி இருக்கும்? கடற்கரை ஊராக இருந்தால் ஈரத்துக்கும் குறைவில்லை. பசை விட்டுவிட்டது என்று எல்லோரும் பசையைத் திட்டுகிறார்கள். பசை பெரும்பாலும் அட்டையில் விசுவாசமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் ஸ்பாஞ்சு செத்துத் தூளாகிவிட்டது. டேப்பையும் பெவிகாலையும் நீங்கள் ஒட்டுவது அந்தத் தூளின் மேல்.

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த அந்த வண்டியில் கூரை உறையைக் குறுக்குக் கம்பிகளில் கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். கிழியலாம், அழுக்காகலாம், நடுவில் ஸ்பாஞ்சு தூளாகி இறங்குகிற கதை அங்கே இல்லை. உத்தரபாராவில் 2014 வரை அந்த வண்டி வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அதற்குள் அட்டைக்கும் ஸ்பாஞ்சுக்கும் போய் நாகரிகமடைந்து, இன்று குண்டூசியோடு நிற்கிறோம்.

வைத்தியம் பலிக்காது என்று வீட்டார் ஒப்புக்கொண்ட பின் இரண்டு வழி உண்டு. ஒன்று, குஷன் கடை. சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டிப் போனாலே போதும், உங்கள் கூரை உள்ளே தொங்குவது வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்து கையசைப்பார்கள். நட்சத்திர லைட் வைத்துத் தரட்டுமா, மெரூன் வெல்வெட் போடட்டுமா என்று கேட்பார்கள். இவற்றை மறுக்கும் உறுதி உங்களுக்கு இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்:

“பழைய ஸ்பாஞ்சை முழுக்கச் சுரண்டி எடுத்துட்டுத்தானே ஒட்டுவீங்க, அண்ணே?”

“அதெல்லாம் எதுக்கு சார்? ஒரு தட்டு தட்டிட்டு மேலயே ஒட்டிரலாம். காலைல விட்டுட்டுப் போங்க, மதியம் வந்து எடுத்துக்கங்க.”

இந்தப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அட்டையை வெளியே எடுக்காமல், வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டு ஒட்டித் தருகிறேன் என்பவரிடமும் அப்படியே. சுரண்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும், ஒட்டுவது அரை மணி வேலை. “சுரண்ட ஒரு நாள் ஆகும் சார்” என்று அலுத்துக்கொள்பவர்தான் உங்கள் ஆள்.

இரண்டாவது வழி, நீங்களே செய்வது. துணிக்கடையில் சட்டைத் துணி கிழித்து வாங்கி ஒட்டிவிடலாம் என்று யோசனை வரும். வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சு இல்லாத துணியில் அட்டையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும், பசையும் ஊறி வெளியே வரும். ஸ்பாஞ்சு வைத்த ரூஃப் துணி என்று கேட்டே வாங்குங்கள், இழுத்தால் கொஞ்சம் நீள வேண்டும். கூரையின் நீள அகலத்தை அளந்து, நாலு பக்கமும் ஒரு சாண் கூட்டி வாங்குங்கள். மிச்சப்படுத்த நினைத்த அந்தச் சாண், கடைசியில் வண்டியின் இடது மூலையில் வந்து உங்களைப் பார்க்கும். பசை, வெப்பம் தாங்கும் காண்டாக்ட் வகை. டப்பாவில் எத்தனை டிகிரி என்று போட்டிருப்பதைப் படித்து வாங்குவது நல்லது. வீட்டில் நிறத்தைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். கேட்டால் கார் விற்கும் வயதாகிவிடும்.

பிரிப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். இப்போது நகைச்சுவையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பக்கத் தூண்களின் மேல் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டியை வீட்டில் பிரிக்கக் கூடாது, தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால், திரும்ப முடுக்கும்போது அரைகுறையாக விடாதீர்கள்.

சன் வைசர், கைப்பிடிகள், கேபின் லைட், தூண்களின் பிளாஸ்டிக் உறை, கதவுச் சட்டத்து ரப்பர் பீடிங் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கும் வண்டியின் வயதுதான். மெதுவாக நெம்பினால் உடையும், வேகமாக நெம்பினாலும் உடையும். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போய் அதே கிளிப்பைத் தேடலாம். போகும்போது உடைந்த துண்டையும் கையில் கொண்டுபோங்கள், வாயால் விவரித்தால் லாரி கிளிப் வரும். கழற்றிய ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள். இந்த ஆலோசனையை எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள், எல்லோரும் ஒரே கிண்ணத்தில்தான் போடுவார்கள்.

எல்லாம் கழன்ற பிறகு அட்டை உங்கள் தலைமேல் தானாக இறங்கும். அதை வெளியே கொண்டுவருவதுதான் உண்மையான பரீட்சை. முன்சீட்டுகளின் தலையணைகளை எடுத்துவிட்டு, சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, ஸ்டீயரிங் இல்லாத இடது பக்கக் கதவு வழியாகச் சாய்த்து எடுங்கள். டிக்கிக் கதவு கூரைவரை திறக்கும் வண்டியானால் பின்வழி சுலபம். கட்டாயம் இருவர் வேண்டும். ஒருவர் “உங்க பக்கம் தூக்குங்க” என்பார், மற்றவர் “தூக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பார். அட்டை வளைந்து கொடுப்பதுபோல் தெரியும், நம்பாதீர்கள். ஒரு மடிப்பு விழுந்தால் எந்தத் துணி போட்டாலும் அந்தக் கோடு மேலே தெரியும். லைட்டுக்கான ஓட்டை அருகேதான் அது முறியத் தோதான இடம்.

அட்டையை மொட்டை மாடியில் நிழலான இடத்தில் கவிழ்த்துப் போட்டு, துணியை உரியுங்கள். உரிப்பது ஆனந்தமாக இருக்கும், இந்த வேலையில் ஆனந்தம் அவ்வளவுதான். பிறகு துணி துவைக்கும் கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பிப் பிரஷ் வேண்டாம், அட்டையையே தின்றுவிடும். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த தூள் முதல் தேய்ப்பில் பறந்துவிடும். பசையோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கும் மிச்சம்தான் உயிரை வாங்கும், அதுவும் பள்ளங்களில். போதும் என்று உங்களுக்குத் தோன்றும்போது பாதிதான் முடிந்திருக்கும். உள்ளங்கையால் தடவினால் மஞ்சள் ஒட்டக் கூடாது, அதுதான் அளவு. கொடியில் துணி காயப்போட்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வந்து சொல்வார்.

ஒட்டும்போது புதுத் துணியை அட்டைமேல் விரித்து, பாதியை மடக்கிக்கொள்ளுங்கள். அட்டையிலும் துணியின் ஸ்பாஞ்சு முதுகிலும், இரண்டிலும் பசை வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலோடு வரக் கூடாது. அதுவரை காத்திருங்கள். வெயிலில் செய்தால் காத்திருப்பதற்குள் காய்ந்துவிடும், மழைநாளில் செய்தால் காயவே காயாது. பீடி பிடிப்பவர்கள் யாரும் பக்கத்தில் வேண்டாம், பசையின் ஆவி தீப்பிடிக்கும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பள்ளங்களில் துணியை முதலில் உள்ளே இறக்கி, அப்புறம் மேட்டுக்கு ஏறுங்கள். மேட்டிலிருந்து மேட்டுக்கு இழுத்துவிட்டால் பள்ளத்தின் மேல் துணி பாலம் கட்டி நிற்கும், அடுத்த சித்திரையில் அது மறுபடி பேசும். இந்தப் பசை தொட்ட இடத்தில் பிடிக்கும், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. அடுத்த பாதிக்கும் அதே வேலை.

ஓரத்தை அட்டையின் பின்னால் மடித்து ஒட்டுங்கள். லைட், கைப்பிடி ஓட்டைகளை முன்னதாகவே வெட்டிவிடும் ஆர்வம் எழும். அட்டை உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, பெருக்கல் குறிபோல் சின்னதாகக் கீறினால் போதும்.

ஒரு நாள் கண்ணாடிகளைத் திறந்தே வைத்து வண்டியை நிழலில் விடுங்கள், பசை வாடை போக வேண்டும். பிறகு வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து கூரையைத் தட்டிப் பார்ப்பார், குறை இருக்காது. அப்போது அவர் கண்ணெதிரே சன் வைசர் இரண்டும் பழைய அழுக்கு நிறத்தில் தொங்கும்.

“எல்லாம் சரி மாப்ளே, இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?” என்பார்.

மிச்சமிருக்கும் துணியை எடுத்து அளந்து பாருங்கள். ஒரு வைசருக்குச் சரியாக வரும்.